ஊசிக் கட்டமும் கொக்கிக் கட்டமும்: ஒரு மஃப்ளரை எந்த வழியில் இணைப்பது?

எங்கள் வீட்டில் அத்தைக்கு இரண்டு ஊசி, எனக்கு ஒரு கொக்கி. அவர் நிட்டிங் போடுவார், நான் குரோஷா. குன்னூரில் மழை பிடித்துக்கொண்டால் ஆளுக்கொரு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவோம். நாத்தனார் மகள் மேல்படிப்புக்கு கிளாஸ்கோ போவது உறுதியானதும் அவளுக்கு ஒரு மஃப்ளர் பின்னிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே ஆசை. ஒரு கழுத்துக்கு இரண்டு மஃப்ளர் எதற்கு? அத்தை சில கட்டங்களை ஊசியில் பின்னட்டும், நான் சில கட்டங்களைக் கொக்கியில் போடுகிறேன், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம்.

அந்த "அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்" என்பதில்தான் தப்பு நடந்தது. ஏழு கட்டம் முடிந்ததும் மேஜையில் பரப்பிப் பார்த்தோம். அத்தையுடையவை ஓரம் சுருண்டு அப்பளப்பூ மாதிரி கிடந்தன. என்னுடையவை ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் பெரிதாக இருந்தன. எந்த இரண்டையும் ஓரத்தோடு ஓரம் வைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் பிரித்துப் பந்தாகச் சுற்றிவிட்டு, இந்த முறை இணைப்பதை முதலில் யோசித்தோம். எந்த வழியில் இணைக்கப்போகிறோம் என்பது முடிவானால்தான் கட்டத்தின் அளவு, கண்ணி எண்ணிக்கை, எவ்வளவு நூல் வாங்குவது, இரண்டு பேர் பிரித்துச் செய்யலாமா கூடாதா எல்லாமே முடிவாகும். ஐந்து வழிகள் எங்களுக்குத் தேறின. எல்லாவற்றுக்கும் சிறு மாதிரி போட்டுப் பார்த்தோம்.

மஃப்ளருக்கு இரண்டு முகம்

போர்வைக்கு அடிப்பக்கம் கட்டிலைப் பார்க்கும், ஸ்வெட்டருக்கு உள்பக்கம் உடம்பைப் பார்க்கும். மஃப்ளர் அப்படியில்லை. காற்றில் ஒரு முனை புரண்டால் போதும், பின்பக்கம் ஊருக்கே தெரியும். அதனால் போர்வைக்குச் சொல்லப்படும் இணைப்பு யோசனைகள் எல்லாம் இங்கே செல்லாது. கூடவே, அது கழுத்தில் வளைய வேண்டும். தடித்த தையல் ஒன்று குறுக்கே போனால் அங்கே துணி வளையாமல் விறைத்து நிற்கும்.

இதனால் ஊசிப் பின்னலில் ஒரு வகை முதலிலேயே கழிந்துபோகும். ஒரு வரிசை நிட் (நேர்க்கண்ணி), மறுவரிசை பர்ல் (அதன் மறுபக்கமான புரட்டுக்கண்ணி) என்று போட்டால் வருமே, முன்பக்கம் வி வி வியாக வழவழப்பாக, அது ஓரங்களில் சுருளும் குணமுள்ளது. அத்தையின் முதல் கட்டங்கள் அந்த வகைதான். முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறாகத் தெரிவது இன்னொரு குறை. எல்லா வரிசையும் நிட்டாகவே போடும் கார்ட்டர் பின்னல் சுருளாது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரப்பு வரப்பாக இருக்கும். "அது கத்துக்குட்டிங்க போடறதுல்ல?" என்று அத்தை முகத்தைச் சுளித்தார். நாற்பது வருஷமாகக் கேபிள், அதாவது கயிறு முறுக்கிய மாதிரி டிசைன், வைத்து ஸ்வெட்டர் போட்டவர், அவருக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைச்சல். ஆனால் மஃப்ளருக்கு அதைவிட ஒழுங்காக நடந்துகொள்ளும் பின்னல் எனக்குத் தெரிந்து இல்லை.

கார்ட்டரில் இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு வரிசை சேர்ந்தால் ஒரு வரப்பு. எத்தனை கண்ணி போட்டீர்களோ அத்தனை வரப்பு வந்ததும் நிறுத்தினால் ஏறக்குறைய சரியான சதுரம் கிடைக்கும். 30 கண்ணி என்றால் 60 வரிசை, 30 வரப்பு. ஸ்கேலே வேண்டாம்.

ஊசியில் பின்னும்போது எல்லாக் கண்ணியும் ஒரே நேரத்தில் ஊசியில் உயிரோடு, அதாவது முடியாத வளையமாக, இருக்கும். கொக்கியில் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், மற்றதெல்லாம் அப்போதைக்கப்போதே முடிந்துவிடும். அதனால் கொக்கியை எந்த ஓரத்திலும் குத்தித் தொடங்கலாம், எந்தப் பக்கமும் திருப்பலாம், மூலையைச் சுற்றி வரலாம். ஊசிப் பின்னல் இழுத்தால் விரியும், விட்டால் ஒடுங்கும். குரோஷா அவ்வளவு கொடுக்காது. இந்த இரண்டு குணத்தையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு வழியும் எங்கே சரிப்படும், எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

நூல், ஊசி

இதில் நீட்ட ஒன்றுமில்லை. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே வகை நூல், ஒரே பருமன். அசல் கம்பளியும் அக்ரிலிக்கும் கலந்தால் முதல் துவையலிலேயே தெரியும். கம்பளி வெந்நீரிலும் கசக்கலிலும் சுருங்கி இறுகும், அக்ரிலிக் அப்படியே இருக்கும், நடுவில் தையல் சுருக்கம் விழும். விடுதியில் இருந்து படிக்கப்போகும் பிள்ளை எல்லாவற்றையும் மொத்தமாக மெஷினில்தான் போடும் என்பதால் நாங்கள் அக்ரிலிக் எடுத்தோம். கம்பளி அளவுக்குக் கதகதப்பு இல்லைதான். ஆனால் வீட்டில் இருந்து கையால் அலசுகிறவராக இருந்தால் கம்பளியே வாங்குங்கள். நீரில் நனைத்து, துண்டின்மேல் பின் குத்திக் காயவைத்தால் கம்பளி சொன்ன அளவுக்கு வந்து நிற்கும். அக்ரிலிக் ஈரத்துக்கு மட்டும் பணியாது. ஆவி காட்ட வேண்டும், அதையும் இஸ்திரிப்பெட்டி படாமல் மேலே பிடித்து. பட்டால் நூல் உருகிப் பிளாஸ்டிக் தாள் மாதிரி பளபளத்துவிடும்.

லேபிளில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் சாய லாட் எண் என்று ஒன்று இருக்கும், ஒரே தடவையில் சாயம் ஏற்றிய பந்துகளுக்கு அது ஒன்றாக இருக்கும். எல்லாப் பந்திலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். "எல்லாம் ஒண்ணுதாம்மா" என்று ஒரு கடையில் எடுத்துக் கொடுத்த இரண்டு சாம்பல் பந்துகள் வீட்டு வெளிச்சத்தில் ஒன்று சாம்பலாகவும் ஒன்று லேசான ஊதாவாகவும் இருந்தன.

ஊசிக்கு எங்களுக்குக் கஷ்டமே இல்லை. குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில் கேத்திப் பக்கம் எல்லநள்ளியில்தான் போனி ஊசிகள் தயாராகும் தொழிற்சாலை இருக்கிறது. 1949ல் தொடங்கியது. நிட்டிங் ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும், இது பழைய பிரிட்டிஷ் கணக்கு. 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25. குரோஷா கொக்கியை மில்லிமீட்டரிலேயே கேட்டு வாங்குவது நல்லது. குறிப்புகளைப் படிக்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கக் குறிப்பில் டபுள் என்று இருப்பது பிரிட்டிஷ் குறிப்பில் ட்ரெபிள். அமெரிக்க சிங்கிள்தான் பிரிட்டிஷ் டபுள். பிரிட்டிஷ் கணக்கில் டபுள் குட்டையான குரோஷாக் கண்ணி, ட்ரெபிள் அதைவிட உயரமானது. இங்கே நான் பிரிட்டிஷ் பெயர்களையே சொல்கிறேன், எங்கள் பக்கத்தில் கற்றுக்கொடுத்தது அப்படித்தான்.

நடுவில் ஊசி, முனையில் கொக்கி

ஐந்தில் மிகச் சுலபமானது இது. ஒருவர் 120 சென்டிமீட்டர் நீளத்துக்கு கார்ட்டரில் ஒரே பட்டை பின்னிவிடுவது. மற்றவர் இரண்டு முனைக்கும் சேர்த்து ஆறோ எட்டோ குரோஷா பூக்கள் போட்டு ஒட்டுவது. தையல் மொத்தமே இரண்டு இடம். கழுத்தைச் சுற்றும் பகுதி முழுக்க ஊசிப் பின்னல் என்பதால் மென்மையாக வளையும். பூக்கள் முன்னால் தொங்கும், பார்க்கிற கண்ணுக்கு அதுதான் தெரியும். ஒரே ஆள் செய்வதானால், அதுவும் முதல் முறை என்றால், நான் இதைத்தான் சொல்வேன்.

குறை என்னவென்றால், இதில் இரண்டு வேலையும் கலப்பதே இல்லை. பட்டை ஒரு பக்கம், பூ ஒரு பக்கம். சேலையில் முந்தானை மட்டும் வேறு ரகமாக இருப்பது போல. எங்களுக்கு வேறு காரணத்தால் இது ஒத்துவரவில்லை. வேலையில் முக்கால் பங்கு அத்தை தலையில் விழும், நான் பூப்போடுகிறவளாகச் சும்மா இருப்பேன்.

எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கரை

கட்டம் ஊசியிலோ கொக்கியிலோ எதில் வந்தாலும் சரி, முடிந்ததும் எல்லாவற்றையும் சுற்றி ஒரே நிறத்தில், ஒரே எண்ணிக்கையில் ஒரு சுற்று டபுள் குரோஷா போட்டுவிடுவது. வேட்டிக்குக் கரை போல. கரை ஒன்றாகிவிட்டால் உள்ளே இருப்பது எதுவானாலும் பக்கத்துக் கட்டத்தோடு கண்ணிக்குக் கண்ணி பொருந்தும். அளவில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் கரை அதை விழுங்கிவிடும். நாங்கள் கடைசியில் எடுத்தது இந்த வழிதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எண்ணிக்கையில்தான் சூட்சுமம். அத்தையின் கட்டம் 30 கண்ணி, 30 வரப்பு, 8ஆம் எண் ஊசியில் 15 சென்டிமீட்டர். கண்ணிக்கு ஒன்று, வரப்புக்கு ஒன்று என்று பக்கத்துக்கு 30 டபுள் போட்டேன். ஓரம் கீரை இலை மாதிரி அலையலையாக நெளிந்தது. ஏனென்றால் ஒரு டபுள் பிடிக்கும் அகலம் ஒரு நிட் கண்ணியின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. கொக்கியை 4 மில்லிமீட்டரிலிருந்து 3.5க்கு இறக்கி, பத்துக்கு ஒன்றைத் தாண்டி 27 போட்டேன். தட்டையாகப் படுத்துவிட்டது. உங்கள் கை இறுக்கம் வேறாக இருந்தால் 26ஓ 28ஓ வரலாம். ஆனால் ஒரு கட்டத்தில் சரியாக வந்த எண்ணை எல்லாக் கட்டத்திலும் மாற்றாமல் வைத்துக்கொள்ள வேண்டும், ஒரு காகிதத்தில் எழுதி ஊசிப்பையில் போட்டுவிடுங்கள்.

இப்போது என் பங்கு. நான் போடுவது கிரானி சதுரம். மூன்று மூன்று ட்ரெபிளாகக் கொத்து, கொத்துக்கு நடுவில் ஒரு சங்கிலிக் கண்ணி, மூலையில் இரண்டு கொத்து. முதல் சுற்றில் பக்கத்துக்கு ஒரு கொத்து, இரண்டாம் சுற்றில் இரண்டு, இப்படியே ஏறும். ஏழாவது சுற்றில் ஏழு கொத்து, அதாவது 21 ட்ரெபிள், நடுவில் 6 சங்கிலி. கூட்டினால் 27! அத்தையின் கரை எண்ணும் என் ஏழாம் சுற்றும் ஒன்றாக விழுந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அளவும் 15 சென்டிமீட்டரை ஒட்டியே வந்தது. கொத்துக்கு நடுவில் சங்கிலி போடாத புதுப் பாணியில் போட்டிருந்தால் இந்தக் கணக்கு உதைத்திருக்கும்.

"ஏம்மா, இப்படி ஓட்டை ஓட்டையா இருக்கே, அந்த ஊர்க் குளிருக்கு எப்படித் தாங்கும்?" என்றார் அத்தை. நியாயமான கேள்விதான். கிரானியில் காற்று புகும். அதற்காக ஓட்டையில்லாமல் முழுக்க டபுளில் ஒரு கட்டம் போட்டுப் பார்த்தேன். காற்று புகவில்லை, ஆனால் மிதியடி மாதிரி விறைப்பாக இருந்தது. சமையலறைத் தராசில் மூன்றையும் நிறுத்தோம். கார்ட்டர் கட்டம் 13 கிராம், கிரானி 10, முழு டபுள் கட்டம் 15. ஊசியைவிடக் கொக்கிக்குத்தான் நூல் அதிகம் செலவாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். வழவழப் பின்னலோடு ஒப்பிட்டால் அது சரி. கார்ட்டரும் நூலைத் தின்னும், கிரானியோ ஓட்டையால் மிச்சம் பிடிக்கும். அதனால் எங்கள் தராசில் கணக்கு தலைகீழாக வந்தது. கடைசியில் ஓட்டைக்கு வேறு வழி செய்தோம், அதைப் பிறகு சொல்கிறேன்.

கரை போட்ட கட்டம் 16 சென்டிமீட்டர் வரும். பத்தை ஒரே வரிசையாக வைத்தால் 160. ஒரே வரிசை என்பது முக்கியம். பத்துக் கட்டத்துக்கு ஒன்பதே தையல். அதையே 8 சென்டிமீட்டர்க் கட்டங்களாக இரண்டு வரிசையில் வைத்தால் 40 கட்டம், 58 இடத்தில் தைக்க வேண்டும். நான்கு மூலை கூடும் இடமெல்லாம் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சின்னக் கட்டம் கண்ணுக்கு அழகுதான், கைக்கு வேண்டாம்.

இனி எதைக் கொண்டு சேர்ப்பது? நான்கு விதம் போட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டத்தையும் முதுகோடு முதுகு வைத்து டபுள் போட்டால் வேகமாக முடியும், ஆனால் ஒரு பக்கத்தில் வரப்பு மாதிரி புடைத்து நிற்கும். கழுத்தில் மடித்துச் சுற்றும்போது அந்தப் புடைப்பு இரட்டிப்பாகும். நழுவுகண்ணி போட்டுச் சேர்த்தால் புடைப்பு குறைவு, ஆனால் சேர்ந்த இடம் இழுபடாது. ஊசி நூலால் மறைதையல் போட்டால் முன்பக்கம் தையலே தெரியாது, பின்பக்கம் ஒரு மேடு நிற்கும். இரண்டு பக்கமும் தெரியும் மஃப்ளருக்கு இது பாதி விடைதான். நான் எடுத்துக்கொண்டது, முனை மழுங்கிய, காது பெரிய ஊசியில் நூலைக் கோத்து, கட்டங்களை அக்கம்பக்கமாகத் தட்டையாக வைத்து, கரையின் வெளி இழையை மட்டும் எடுத்து ஒன்று விடாமல் 27 கண்ணியையும் சுற்றித் தைப்பது. தட்டையாக இருக்கிறது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரிகிறது. ஒரு தையலுக்குக் கால் மணி நேரம். நூலை இழுத்து இறுக்காமல் தளர்வாக விட வேண்டும், அவ்வளவுதான்.

அத்தையின் கட்டங்களை எந்தத் திசையில் வைப்பது என்பதிலும் ஒரு விஷயம் உண்டு. கார்ட்டர் பின்னல் வரப்புகளுக்குக் குறுக்கே இழுத்தால் ரொம்ப நீளும். வரப்பு மஃப்ளரின் குறுக்காக ஓடினால் நாலு மாதத்தில் தன் எடையிலேயே மஃப்ளர் முழங்கால் வரை இறங்கிவிடும். கட்டத்தை ஒரு திருப்புத் திருப்பி, வரப்பு நீளவாக்கில் ஓடும்படி வைத்தால் நீளம் நிற்கும். கரை போட்டிருப்பதால் எந்தப் பக்கமும் 27தான், திருப்புவதில் சிரமம் இல்லை.

இந்த வழியின் உண்மையான தொல்லை நூல் வால்கள். கார்ட்டர் கட்டத்துக்குத் தொடங்கிய வால் ஒன்று, முடித்த வால் ஒன்று, கரைக்கு இரண்டு, ஆக நான்கு. என் கிரானிகளில் மூன்று நிறம் என்பதால் ஆறு, கரைக்கு இரண்டு, ஆக எட்டு. ஐந்தும் ஐந்தும் போட்டால் 20 கூட்டல் 40, மொத்தம் 60 வால். இரண்டு பக்கமும் தெரியும் துணியில் ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து, ஒரு பக்கம் ஓட்டி, திரும்பி இன்னொரு பக்கம் ஓட்டி மறைக்க வேண்டும். கரை நிறத்திலேயே கிரானியின் கடைசிச் சுற்றைப் போட்டு, நூலை அறுக்காமல் தொடர்ந்தால் பத்து வால் குறையும். இது எனக்கு மூன்றாவது கட்டம் முடிந்த பிறகுதான் உறைத்தது.

கட்டத்திலிருந்து கட்டம் முளைப்பது

தையலே வேண்டாம் என்பவர்களுக்கு மூலைச் சதுரம் இருக்கிறது. டாமினோ பின்னல் என்றும் சொல்வார்கள். 61 கண்ணி போட்டு, ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் நடுவில் இரண்டு கண்ணியைக் குறைத்துக்கொண்டே போனால் வரிசைகள் எல் வடிவத்தில் மடிந்து, கடைசியில் ஒரே கண்ணியில் வந்து முடியும். சதுரத்தின் குறுக்கே மூலைவிட்டமாக ஒரு கோடு ஓடும். அடுத்த கட்டத்துக்குப் பழைய கட்டத்தின் ஓரத்திலிருந்து 30 கண்ணியை எடுத்து, மூலைக்கு ஒன்று, புதிதாக 30. அதன்மேல் தொடரலாம். தைக்க எதுவும் இல்லை.

குரோஷாக் கட்டத்தை இதற்குள் எப்படி நுழைப்பது? கட்டத்தைத் தனியாக முடித்து, அதன் ஓரத்திலிருந்து ஊசியில் கண்ணி எடுத்து அடுத்த ஊசிக் கட்டத்தைத் தொடங்க வேண்டும். மறுபக்கத்தில் கிரானியின் கடைசிச் சுற்றைப் போடும்போதே பக்கத்து ஓரத்தில் கொக்கியைக் குத்தி இழுத்துக்கொண்டு போகலாம். பார்க்க அருமையாக இருக்கிறது. கார்ட்டரும் கிரானியும் ஒரே துணியில் விளைந்தது போலத் தெரியும், வளைவும் நன்றாக வரும். வழிகளிலேயே அழகானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் கைகாட்டுவேன்.

பிறகு ஏன் எடுக்கவில்லை? இதை ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் செய்ய முடியும். அத்தை கட்டத்தை முடித்தால்தான் நான் தொடங்க முடியும், நான் முடித்தால்தான் அவர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வேலை நின்றுபோகும். நடுவில் ஒரு கட்டம் பிசகினால் அதை மட்டும் மாற்றவும் முடியாது, அதற்குப் பிறகு வந்த அத்தனையும் அதன்மேல் நிற்கிறது. கடைசிக் கட்டங்களின்போது மடி முழுக்க மஃப்ளர், அதையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டே பின்ன வேண்டும். இரண்டு கலையும் கைவந்த ஒரே ஆளுக்கு ஏற்றது, எங்கள் மாதிரி ஆளுக்கு ஒன்று தெரிந்த ஜோடிக்கு இல்லை.

அயர்லாந்து வழி

அயர்லாந்தில் 1840களில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது பெண்கள் பிழைப்புக்காகக் குரோஷா லேஸ் போடத் தொடங்கினார்கள். குளோன்ஸ் என்ற ஊர் அதற்குப் பேர்போனது. ரோஜா, இலை, கொடி என்று ஒவ்வொரு உருவத்தையும் தனித்தனியாகப் போட்டு முடித்து, ஒரு துணியில் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வைத்துத் தைத்து, நடுவில் உள்ள வெற்றிடத்தைச் சங்கிலி வலையால் நிரப்புவார்கள். வலை முடிந்ததும் அடித்துணியை அவிழ்த்துவிட்டால் லேஸ் தனியே வந்துவிடும். உருவங்களுக்கு ஒரே அளவு வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. வெவ்வேறு கைகள் வெவ்வேறு உருவங்களைப் போட்டுத் தரலாம் என்பதுதான் எனக்கு இதில் பிடித்தது.

மஃப்ளருக்கு இதைக் கொண்டுவந்தால்? அத்தை ஊசியில் இலைகள் போடலாம், நான் பூக்கள் போடலாம், வலை என் வேலை. ஒரு சாண் நீளத்துக்கு மாதிரி போட்டேன். சன்னமான பருத்தி நூலில் மிக நன்றாக வந்தது. உல்லன் நூலில் போட்டதும் வலை தொளதொளத்து, மோதிரத்திலும் பொத்தானிலும் மாட்டிக்கொண்டது. சென்னையில் ஏசி ஆபீஸில் தோளில் போட்டுக்கொள்ள ஒரு துப்பட்டா மாதிரி வேண்டும் என்றால் தாராளமாக இந்த வழி, பருத்தியில். கிளாஸ்கோவின் காற்றுக்கு வலை என்ன செய்யும்?

அளவே இல்லாத வழி

இஷ்டப்பட்ட துண்டு, இஷ்டப்பட்ட வடிவம், கொஞ்சம் ஊசி, கொஞ்சம் கொக்கி என்று ஒன்றின் ஓரத்திலிருந்து இன்னொன்றை வளர்த்துக்கொண்டே போவது. ஆங்கிலத்தில் ஃப்ரீஃபார்ம் என்கிறார்கள். இப்படி வளரும் துண்டுக்கு ஸ்கிரம்பிள் என்று பிரிட்டனில் ஜேம்ஸ் வால்டர்ஸ், சில்வியா காஷ் வட்டாரத்தில் பெயர் வழங்கியது. மிச்ச நூல் மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்களுக்கு இது வரம். மஃப்ளர் அளவுக்குக் காகிதம் வெட்டி வைத்துக்கொண்டு, துண்டுகளை அதன்மேல் பரப்பிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் எங்காவது பொம்மிக்கொள்ளும்.

அத்தையிடம் இதைச் சொன்னபோது, "கணக்கு இல்லாம எப்படி பின்றது? எப்போ முடிஞ்சதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அதோடு அந்த யோசனை முடிந்தது. எனக்கும் பெரிய வருத்தம் இல்லை. இதன் பின்பக்கத்தை ஒழுங்காகக் காட்டுவது பெரிய வித்தைக்காரர்களுக்குத்தான் முடியும். பையாகவோ சுவரில் மாட்டுவதாகவோ செய்தால் பின்பக்கம் யார் பார்க்கப்போகிறார்கள்?

எதை யார் எடுப்பது

ஒரே ஆள், இப்போதுதான் கற்றுக்கொள்கிறீர்கள் என்றால் ஊசிப் பட்டையும் முனையில் பூவும். இரண்டு வாரத்தில் முடியும், பிசகினாலும் பூவை மட்டும் பிரித்தால் போதும். ஒரே ஆள், இரண்டும் நன்றாகத் தெரியும், அவசரம் இல்லை என்றால் மூலைச் சதுரம். வெயிலூரில் அழகுக்குப் போடுவது என்றால் அயர்லாந்து வலை, பருத்தி நூலில். இரண்டு கை, ஒரு மஃப்ளர், குளிர் நாடு என்றால் கரை போட்ட கட்டங்களைத் தவிர வேறெதையும் நான் யோசிக்க மாட்டேன். ஏற்கெனவே அளவு பிசகிய கட்டங்கள் கையில் இருந்தாலும் இதுவே கைகொடுக்கும். சின்னதுக்கு இரண்டு சுற்றுக் கரை, பெரியதுக்கு ஒரு சுற்று, கடைசிச் சுற்றில் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் சரி. இதை முதலிலேயே தெரிந்துகொண்டிருந்தால் நாங்கள் அந்த ஏழில் என்னுடையவற்றையாவது பிரித்திருக்க மாட்டோம்.

ஓட்டைக்கு என்ன செய்தோம் என்று சொல்ல மறந்துவிட்டேன். ஐந்துக்கு ஐந்து என்று ஒன்றுவிட்டு ஒன்று வைப்பதற்குப் பதில், நடுவில் கழுத்தைச் சுற்றும் நான்கு கட்டமும் அத்தையுடையது. அதற்கு இருபுறமும் என்னுடையது இரண்டிரண்டு, கடைசி முனையில் அத்தையுடையது ஒன்றொன்று. ஆக அவருக்கு ஆறு, எனக்கு நான்கு. வாலும் 60லிருந்து 56 ஆனது, அது தனி லாபம். எடை அதிகமான கட்டம் முனையில் இருப்பதால் மஃப்ளர் நேராகத் தொங்குகிறது. நீளவாக்கில் பாதியாக மடித்துப் போட்டால் துணி இரட்டையாவதால் கிரானியின் ஓட்டைகளும் ஓரளவு அடைபடுகின்றன. கடைசியாக மஃப்ளரைச் சுற்றிலும் கரை நிறத்திலேயே ஒரு சுற்று டபுள் போட்டேன், ஒன்பது தையலின் முனைகளும் அதற்குள் போய்விட்டன.

மொத்தம் 200 கிராம் வாங்கியதில் 150 கிராம் செலவானது. கட்டங்களுக்கு எங்கள் இருவருக்கும் பன்னிரண்டு நாள், தைக்க இரண்டு சாயங்காலம், வால் மறைக்க மூன்று. வால் மறைக்கும் வேலையில் அத்தை ஊசிக் காதில் நூல் கோக்க என்னைக் கூப்பிடவே இல்லை, ஜன்னல் பக்கம் திரும்பி ஒரே முயற்சியில் கோத்துவிடுகிறார். மீதி 50 கிராம் ஒரு தொப்பிக்குப் போதுமா என்று இப்போது தராசில் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.